கனமான குழாய்

குழாய்க் கடையின் விற்பனை மேலாளருக்கு மைத்துனன் வைத்த பெயர் 'புரொபசர்'. பித்தளையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் நாற்காலி தேடுவார். இரும்பு துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் வெளிறிப்போகும், துத்தநாகக் கலவை கழுத்தில் விரிசல் விடும். தண்ணீரோடு குடித்தனம் நடத்தத் தெரிந்த உலோகம் பித்தளை ஒன்றுதான் என்பார். முடித்ததும் குழாயை வாடிக்கையாளரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். "கனமா இருக்கே" என்று அவர்களே சொல்ல வேண்டும். சொன்னவர்கள் வாங்காமல் போனதில்லை.

சொந்தச் சமையலறையிலும் இருப்பதிலேயே கனமானதைத்தான் மாட்டியிருந்தார். மைத்துனன் பிளாஸ்டிக் குழாய் வாங்கியபோது, "அதுல வர்ற தண்ணிக்கே வெட்கமா இருக்கும்டா" என்றார்.

அன்று கடையை நடத்தும் கம்பெனியின் புதுக் குழாய் வெளியீட்டு விழா. வெல்வெட் திரை விலக, சுழலும் மேடையில் விளக்கொளியில் ஒரு குழாய், மணப்பெண் மாதிரி. "காரீயம் கலக்காத பித்தளை" என்றார் முதலாளி, குரல் தழுதழுக்க. "நம் குழந்தைகளுக்காக." அரங்கம் கைதட்டியது. புரொபசரும் தட்டினார். பாதியில் அவர் கை மட்டும் மெதுவாகிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் அமர்ந்த தொழிற்சாலை என்ஜினீயரிடம் கேட்டார்.

"அப்போ பழசுல காரீயம் இருக்கா சார்? அது விஷமாச்சே."

"கொஞ்சம் இருக்கும். அது சேர்த்தாத்தான் லேத்துல நல்லாக் கடைய வரும். எல்லாரும் செய்றதுதான்."

"தண்ணில இறங்குமா?"

"ராத்திரி பூரா உள்ள நின்ன தண்ணில இறங்கலாம். பெரியவங்கன்னா பெருசா கவலைப்பட வேண்டாம்."

"கொதிக்க வெச்சா?"

"கிருமிதான் சாகும். உலோகம் எதுக்குச் சாகப்போகுது?" என்ஜினீயர் இனிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்க வீட்ல கைக்குழந்தை இல்லையே?"

இருந்தது. ஏழு மாதம். விடிந்ததும் விடியாததுமாக அந்தக் குழாயில் பிடிக்கும் முதல் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் அதற்குப் பால் பவுடர் கரைப்பாள் அவர் மனைவி.

வீட்டுக்கு வந்தபோது குழந்தை மைத்துனன் மடியில் கிடந்தது. மனைவி குழாயடியில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே காலைல தண்ணியக் கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுப் பிடி" என்றார், கடைக் குரலில்.

"ஏங்க?"

"குழாய் கொஞ்சம் சூடாகணும்."

"குழாயா, வண்டியா?"

மைத்துனன் சிரித்தான். "என்ன மாமா, தண்ணிக்கு வெட்கம் வந்துடுச்சா?"

அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். மனைவி கையிலிருந்த புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்போ தெரியும்?"

"இன்னிக்குத்தான்."

"பித்தளையப் பத்தி மத்ததெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுது."

அவள் தம்பியிடம் திரும்பினாள். "கடைக்குப் போய் உன் வீட்ல இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வா." அன்று அவனும் எதையும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் புரொபசருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். "பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தா பேசுவோம். ரிசல்ட் வந்ததும் அம்மா நம்பருக்குப் போன் பண்றோம்." ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சைக் குழந்தை பிடுங்கப் பார்த்தது. வீடு வரைக்கும் மனைவி அதை மட்டுமே கவனித்துக்கொண்டு வந்தாள்.

கடையில் முதலாளியின் உத்தரவு காத்திருந்தது: புதுச் சரக்கு வருமுன் பழசை விற்றுத் தீர்க்க வேண்டும். முதல் ஆளாக வந்தது ஒரு கர்ப்பிணி, கணவனோடு.

"சமையலறைக்கு நல்லதாப் பார்த்துக் குடுங்க."

பழக்க தோஷம். கனமான குழாய் அவள் உள்ளங்கைக்குப் போய்விட்டது.

"பரவாயில்லையே, கனமா இருக்கே" என்றாள் அவள்.

புரொபசர் குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், இதுல என்ன குறை?" என்றான் கணவன்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குழாயைக் கீழே வைக்காமல் இன்னொரு கையால் அதை எடுத்தார். திரையில் மனைவியின் எண்.

"ஒரு நிமிஷம் இருங்க, சொல்றேன்" என்றார்.

குழாயை அவர்கள் கைக்கு எட்டாத தட்டில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் போனைக் காதில் வைத்தார்.