காலையில் காணாமல் போகும் கடைவாய்ப்பல்

முந்தின நாள் மதியம் வீட்டில் உட்கார்ந்து அக்கா வடித்து முடித்த கடைவாய்ப்பல், மறுநாள் காலை லேபில் திறந்தால் வடிக்காமலே கிடந்தது. அழியவுமில்லை, கெடவுமில்லை. லேபில் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில், மேடு பள்ளம் தீட்டப்படாமல், ஒரு சுண்ணாம்புக்கட்டி மாதிரி திரையில் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா பல் கேப் வடிவமைப்பவள். நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அவள் கணினியில் பல்லை உருவாக்குவாள், லேபில் இருக்கும் மெஷின் அதைச் செதுக்கும். காலையில் லேபில் வேலை, அவள் மகள் பாப்பா பள்ளி விட்டு வரும் மதியத்திலிருந்து வீட்டில் வேலை. இரண்டு இடத்திலும் பெரிய மேஜைக் கணினி. அவற்றைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. பென் டிரைவ் ஒருமுறை பஸ்ஸில் தொலைந்ததால் அதற்கும் தடை. இணையத்தில் ஏதாவது ஒரு நிறுவனத்திடம் போட்டு வைக்கலாம் என்றால், லேப் முதலாளியம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "என் நோயாளிங்க வாயெல்லாம் யாரோ ஒருத்தன் கம்பெனியில கிடக்கக் கூடாது."

அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஆனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

நாமே நிறுவி நாமே வைத்துக்கொள்ளும் மென்பொருள்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, நடுவில் ஒரு பெட்டி வைப்பது. எல்லாக் கணினியும் அந்தப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியிலிருந்து எடுக்கும். மற்றது, நடுவில் யாரும் இல்லாமல் கணினியும் கணினியும் நேராகப் பேசிக்கொள்வது. கைக்குக் கை கொடுப்பது மாதிரி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. கூடுதலாக ஒரு பெட்டியை யார் கட்டி மேய்ப்பது? நிறுவினேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மாவிடம் சாவி வாங்கி நான் லேபில் உட்கார, அக்கா வீட்டில் உட்கார, அவள் ஒரு பல்லை அசைத்த அடுத்த நொடி என் திரையிலும் அது அசைந்தது. ஃபோனில் இருவரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை சிரிப்பு நின்றது.

"எங்கடா அந்தப் பல்லு?"

"திரையில என்ன போட்டிருக்கு, பாரு."

"மற்ற கணினி தொடர்பில் இல்லைன்னு வருது."

நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த விடுமுறையில் மறுபடி லேபுக்குப் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு, எல்லாம் சரி. நான் போன மறுநாள் மறுபடி இல்லை. வீட்டு ரௌட்டரின் அமைப்பை மாற்றினேன். நான் இருக்கும்போது சரி. கணினியில் ஃபயர்வால் என்கிற தடுப்புச் சுவரில் வழி திறந்துவிட்டேன். நான் இருக்கும்போது சரி. கடைசியில் மென்பொருளையே தூக்கிவிட்டு, அதே குடும்பத்தில் வேறொன்றைப் போட்டேன். அதுவும் என் முன்னால் சமர்த்தாக ஓடிவிட்டு, நான் தெருமுனை தாண்டியதும் படுத்துக்கொண்டது. டாக்டர் முன்னால் மட்டும் வலிக்காத பல் மாதிரி.

"உன் மூஞ்சியைப் பார்த்தா மட்டும்தான் வேலை செய்யுமா? உன் போட்டோ ஒண்ணு ஒட்டி வைக்கவா?" என்றாள் அக்கா. அந்தக் கிண்டலில் பாதி அழுகை இருந்தது. ஏனென்றால், அதற்குள் ஒரு தப்பு நடந்திருந்தது. பழைய வடிவமே செதுக்கப்பட்டு ஒரு பெரியவருக்குப் போய்விட்டது. பல் உயரமாகி அவரால் வாயை மூட முடியவில்லை. முதலாளியம்மா கத்தவில்லை. "இன்னொரு தடவை பழைய ஃபைல் வந்தா, நீ சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருந்து வேலை பார்க்கணும்மா" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் பள்ளி விட்டு வரும் பாப்பா பூட்டிய வீட்டு வாசலில் நிற்க வேண்டும். மாமாவுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை, எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

லிஃப்டில் இப்படி வந்தால் நாங்கள் செய்வது ஒன்றுதான்: எதையும் தொடாமல், அது படுத்துக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அக்கா லேபுக்குக் கிளம்பிய பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். மாமா பாப்பாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள, மறுபடி என்ன பிரிச்சுப் போடப் போறீங்க?"

"ஒண்ணும் தொட மாட்டேன் மாமா. சும்மா பார்க்கணும்."

அறைக்குள் போனேன். கணினி இருட்டாக இருந்தது. சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. தொட மாட்டேன் என்று சொன்னவன், கை அரிக்க அதைப் போட்டுவிட்டேன். பட்டனையும் அழுத்த, கணினி எழுந்து, முகம் கழுவுவது போல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, பச்சை விளக்கைக் காட்டியது. உடனே ஃபோன் அடித்தது.

"வந்துடுச்சுடா! பல்லு வந்துடுச்சு! என்னடா பண்ணே?"

"ஸ்விட்சைப் போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அக்கா, நீ இங்கிருந்து கிளம்பறப்போ கம்ப்யூட்டரை அணைச்சிடுவியா?"

"பின்ன? யாருமில்லாத ரூம்ல எரிய விடுவாங்களா?"

"லேப்ல?"

"அங்கேயும்தான். பிளக்கையே பிடுங்கிட்டுத்தான் வருவேன். உங்க மாமாவோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன்ல?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கைக்குக் கை கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். இவள் லேபில் இருக்கும்போது வீட்டுக் கணினி உறங்கும். வீட்டில் இருக்கும்போது லேப் கணினி உறங்கும். நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் உட்காரும் விடுமுறை நாளில் மட்டும் இரண்டும் விழித்திருக்கும். மென்பொருள் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. என் வீட்டில் எதையும் அணைக்கும் பழக்கமில்லாததால், இதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "மாப்ள, வெளியே வாங்க. ரௌட்டரையும் அணைச்சிட்டு நான் பூட்டணும்."

"மாமா, எப்பவும் விழிச்சிருக்கற மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இங்கே வைக்கணும். ரௌட்டரும் ஓடணும்."

"ஆளில்லாத வீட்லயா? நடக்காது. நான் போய் அணைச்ச தீயில பாதி, எவனோ விட்டுட்டுப் போன பிளக்ல ஆரம்பிச்சதுதான்."

"அப்ப ஃபிரிட்ஜ்?"

"அது வேற. அதுக்குத் தனி லைன், தனி ஃபியூஸ். பக்கத்துல ஒரு துணி, ஒரு பேப்பர் கிடையாது."

"அதே மாதிரி இதுக்கும் பண்ணிட்டா?"

மாமா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா சாயங்காலம் வரைக்கும் வேலைக்குப் போயிட்டா நான் எங்கே இருப்பேன்?" என்று பாப்பா கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு சூடாகும் அது?"

"கை வைக்கலாம் மாமா. ராத்திரி விளக்கு அளவுக்குக் கூட கரண்ட் இழுக்காது."

"வைங்க. ஆனா எங்கே, எப்படின்னு நான் சொல்றபடிதான்."

அவர் சொன்னபடியேதான். சமையலறையில் திரைச்சீலையும் அலமாரியும் இல்லாத வெற்றுச் சுவரில் ஒரு தகரத் தட்டு. அதற்குத் தனி லைன், தனி ஃபியூஸ். நீட்டிப்பு வயர் கூடாது. தட்டின் மேல் உள்ளங்கை அளவுக் கணினியும் ரௌட்டரும். அதிலும் அக்காவின் இரண்டு கணினிகளிலும், நான் முதலில் போட்டுப் பிறகு தூக்கிய அதே மென்பொருளைத் திரும்ப நிறுவினேன். மாமா வேலைக்குக் கிளம்பும்போது ஸ்விட்சுகளை அணைத்துக்கொண்டே வந்து, அந்த ஒன்றின் முன் மட்டும் நின்று, புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இப்போது அக்காவின் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று தேடுவதில்லை. வீட்டுக் கணினி விழித்திருக்கும்போது குட்டிப் பெட்டிக்குக் கொடுக்கிறது, லேப் கணினி விழித்ததும் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அணைப்பதற்கு முன் பச்சை விளக்கு வந்துவிட்டதா என்று மட்டும் அவள் பார்த்தால் போதும். காலையில் லேபில் திறந்தால் மதியம் வடித்த பல், வடித்தபடியே இருக்கிறது. அவள் மதியம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.