நாற்பது மீட்டர்

சி என்ற கணினி மொழியில் நாங்கள் எழுதிய லைப்ரரியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அது மற்றவர்களின் புரோகிராம்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் தரும் எண்களை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றிக் கொடுக்கும். கிள்ளானில் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஜெயந்திரனும் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் அதைக் கட்டி மேய்க்கிறோம். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமத்தில் எழுதி வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்பவர்கள் நன்றி சொல்வதில்லை. பிழை இருந்தால் மட்டும் வந்து திட்டுவார்கள். ஓசிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டைக்கு வருகிற கூட்டம்.

அதனால்தான் வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவன் அனுப்பிய பிழை அறிக்கையைப் பார்த்ததும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவ்வளவு மரியாதை. கணக்கின் நடுவில் தசம இலக்கங்கள் உதிர்ந்துபோய், சில இடங்களில் புள்ளி நாற்பது மீட்டர் தள்ளி விழுகிறதாம். எங்கே, எப்படி என்று சுத்தமாக விளக்கியிருந்தான். கடைசி வரியில் தன் கம்பெனி என்ன செய்கிறது என்பதையும் சொல்லியிருந்தான்: குண்டு சுமந்து போய் இலக்கில் மோதும் ட்ரோன். மறைக்கவே இல்லை. எங்கள் உரிமத்தை ஒழுங்காகப் படித்தவன் எதற்கு மறைக்க வேண்டும்?

ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் எங்கள் லைப்ரரிக்குள் எதுவும் போகும். பிரிக்பீல்ட்ஸ் மாமாக் டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். தே தாரிக் ஆறி ஏடு கட்டியதுதான் மிச்சம். ஜெயந்திரன் திருத்த மாட்டேன் என்றான்.

"நாம செய்யலன்னா அவனுங்களே செஞ்சிக்குவானுங்க லா," என்றேன்.

"செய்யட்டும். என் கையால வேணாம் யுகேன்."

ஜெயந்திரனின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். அவருடைய தம்பி குடும்பம் மொத்தமும் வன்னியில் ஷெல் விழுந்து போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தீபாவளி கிடையாது.

பிழையை அப்படியே விட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. எங்கோ ஒரு குண்டு எங்களால் குறி தப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். தப்பிய குண்டு நாற்பது மீட்டர் தள்ளி எதன் மேல் விழும் என்று யோசிக்கவில்லை. ஜெயந்திரன் யோசித்திருக்கிறான். அவன் முகம் வாடியே கிடந்தது.

பிறகு ஒருநாள் புனிதா போன் செய்தாள். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் தொண்டூழிய ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். அவர்களுடைய மென்பொருளுக்குள்ளும் இருப்பது எங்கள் லைப்ரரிதான்.

"அண்ணே, உங்க மேப் எங்கள வீட்டுக்குப் பின்னால லோரோங் சந்துல கொண்டு போய் விட்டுருச்சு. நடுவுல பெரிய லோங்காங், சாக்கடத் தண்ணி ஓடுது, தாண்ட முடியல. சுத்திக்கிட்டு முன்னாடி வந்தா, எங்கள கூப்பிட்ட ஆன்டி ரோட்டுல நின்னு கைய காட்டிக்கிட்டே இருக்காங்க. அதுக்குள்ள அவங்க வீட்டு அங்கிள் போய்ட்டாருண்ணே."

அதே பிழை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஜெயந்திரனிடம் சொன்னேன். அவன் உடனே கணினியைத் திறந்தான். நாலைந்து வரிதான், எழுதி முடித்து என் ஒப்புதலுக்கு அனுப்பினான்.

"புனிதாவுக்கு மட்டும் தனியா குடுத்துருவோமா?" என்று கேட்டேன்.

"அவங்கள மாதிரி எத்தன ஆம்புலன்ஸ் நம்ம லைப்ரரிய வச்சு ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எடுத்துக்கொள்பவர்கள் யாரும் சொல்லிவிட்டு எடுப்பதில்லை.

"அந்த ட்ரோன்காரனுங்களும் எடுத்துக்குவானுங்கடா."

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஆம்புலன்ஸுக்கு மட்டும் வேல செய்யற மாதிரி சி-ல எழுத முடியும்னா சொல்லு, எழுதறேன்."

நான் ஒப்புதல் கொடுத்தேன். புதிய பதிப்பு வெளியானது.

அடுத்த வாரம் அவன் வீட்டில் இருந்தபோது புனிதாவின் செய்தி வந்தது. "அண்ணே, இப்ப நேரா வீட்டு வாசலுக்கே போகுது. தேங்க்ஸ் லா." ஜெயந்திரன் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எங்கள் லைப்ரரியின் இணையப் பக்கத்தில், தன் பிழை அறிக்கைக்குக் கீழே, அந்த எஞ்சினியரும் எழுதியிருந்தான். புதிய பதிப்பு அருமை, சோதித்துப் பார்த்தோம், இப்போது சரியாக வீட்டு வாசலுக்கே போகிறது, மிக்க நன்றி. இத்தனை வருடத்தில் எங்களுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பெனி.

ஜெயந்திரன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினான்: "யாருடைய வீடு?"

பதில் உடனே வந்தது. நல்ல பயனர் அல்லவா, காக்க வைப்பதில்லை. "மன்னிக்கவும், அந்தக் கேள்வி இந்த லைப்ரரியின் எல்லைக்குள் வராது." அதோடு தன் பிழை அறிக்கையை, தீர்ந்தது என்று குறித்து மூடிவிட்டான்.

வேண்டாத கோரிக்கைகளோடு வருகிறவர்களுக்கு நாங்கள் அனுப்பும் பதில் அது. வார்த்தை மாறாமல் எங்கள் விதிமுறைப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறான். அந்த வரியை எழுதியது ஜெயந்திரன்தான்.