நாலு மில்லிமீட்டர்

காப்புரிமை வாங்குகிறவன் தன் ரகசியத்தை ஊருக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. படம் வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் எண் போட்டு, அளவு குறித்து, படிக்கத் தெரிந்த எவனும் செய்துவிடலாம் என்கிற மாதிரி விளக்க வேண்டும். பதிலுக்கு, இருபது வருஷம் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் ஒரு காகிதம் தரும். காகிதத்தை நம்பி நான் ஆற்றில் இறங்குகிற ஆள் இல்லை. எனக்குக் கிடைத்த ஏழு காப்புரிமைகளிலும் ஏதாவது ஓர் இடத்தில் ஓர் அளவை மாற்றித்தான் எழுதினேன். சமையல் பக்குவம் கேட்டால் ஒரு சாமானை மட்டும் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டே, அந்த ரகம் நான்.

மூடி வெட்டும் இயந்திரத்தில் நான் மாற்றியது கொக்கியின் ஆழம். தகட்டை வைத்து மிதியை மிதித்தால், மேலே நிற்கும் இரும்பு அச்சு மோட்டார் விசையில் இறங்கி, டப்பா மூடியை வெட்டிவிட்டுத் திரும்ப ஏறும். ஏறியதும் ஒரு கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். அடுத்த மிதி வரை அச்சு அசையக் கூடாது. அந்த இடைவெளியில்தான் கையை உள்ளே விட்டு மூடியை எடுக்க வேண்டும். கொக்கி ஆறு மில்லிமீட்டர் கவ்வ வேண்டும். நாலு என்று எழுதினேன்.

நாலு வைத்தால் உடனே ஒன்றும் ஆகாது. சுமார் ஒரு லட்சம் வெட்டு வரை தாங்கும். அதற்குள் முனை தேய்ந்து, ஏதாவது ஒரு முறை நழுவும். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் விட்டுக் கத்த முடியாதல்லவா என்று அன்றைக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். நழுவும்போது உள்ளே என்ன இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். தகடு இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

திருடினவன் என் பழைய கூட்டாளி. பிரிந்த பிறகு அவனைப் பங்காளி என்றுதான் கூப்பிடுகிறேன். சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான உறவு கிடையாது. என் இயந்திரத்தை அப்படியே செய்து, இரண்டரை மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தான். வக்கீல் நோட்டீஸ் விட்டேன். வழக்கு அடுத்த வியாழக்கிழமை.

இன்று காலை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள்.

“பொண்ணு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. மூணு நாளாச்சு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா.”

மகளும் நானும் ஒரே வீட்டில் இருந்தாலும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். என் பட்டறையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். முதலில் ஒரு பல்சக்கரத்தை ஒழுங்காக வரைந்து காட்டு என்றேன். அதோடு பேச்சு நின்றது.

“எங்க?” என்றேன்.

“உங்க பங்காளி கம்பெனிலதான். திட்டாதீங்க. மூடி வெட்டற மெஷினாம். ‘அப்பா மெஷின் மாதிரியே இருக்கும்மா, பெயின்ட் மட்டும்தான் வேற’ன்னு சிரிச்சா.”

ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு வெட்டு. வாரத்துக்கு ஆறு நாள். இரண்டரை மாதம். கணக்கு தானாகவே ஓடி லட்சத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் கைப்பேசி அணைந்திருந்தது. அங்கே உள்ளே போகும்போதே வாங்கி வைத்துவிடுவார்களாம். பங்காளியோ, நோட்டீஸ் போன நாளிலிருந்து என் அழைப்பை எடுப்பதே இல்லை. கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தேன்.

சிக்னலில் நிற்க வேண்டியிருந்தது. எண்ணக் கூடாது என்று நினைத்தாலும் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. மிதி, இறங்கு, ஏறு, கை உள்ளே. எந்தக் கையை விடுவாள், எத்தனை விரல் என்பது வரைக்கும் போனது. நான் வரைந்த அச்சு. அதன் எடையும் வேகமும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதேதான் தெரிந்தது.

காவலாளி வாசலிலேயே தடுத்தார். நான் போட்ட சத்தத்தில் பங்காளி வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் கூடத்தில் டக்கென்று ஒரு வெட்டு விழுந்தது. பிறகு இடைவெளி. பிறகு இன்னொன்று. அந்த இடைவெளிகளில்தான் கை உள்ளே போகும்.

“வாங்க பங்காளி. நோட்டீஸ் பத்தாதுன்னு நேர்லயே வந்துட்டீங்களா?”

“மூடி மெஷினை நிறுத்து. கொக்கி நழுவும்.”

“வியாழக்கிழமை கேஸ். இன்னைக்கு வந்து மெஷினை நிறுத்துன்னா, யார் காதுல பூ சுத்தறீங்க? கொக்கி உங்க படத்துல போட்ட அளவுதான். இம்மி மாறல.”

என் படத்தைப் பார்த்துச் செய்தேன் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். காவலாளி சாட்சி. நேற்று வரை அந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்தேன். வாயை மூடிக்கொண்டு திரும்பினால் வழக்கு என் பக்கம். டக்கென்று இன்னொரு வெட்டு விழுந்தது.

“அந்த அளவு தப்பு,” என்றேன். “தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். ஆறு இருக்கணும்.”

அவன் ஓடிப் போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினான். கூடம் முழுக்க அடங்கியது.

“இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?” என்றான் திரும்பி வந்து. குரலில் கிண்டல் இல்லை.

“சொல்றேன்.”

அளவைப் பொய்யாக எழுதினதை ஒப்புக்கொண்டால் மற்றதையும் தோண்டுவார்கள், ஏழு காப்புரிமையும் செல்லாமல் போகும். போகட்டும் என்று நிஜமாகவே தோன்றியது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து என் மகள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெட்கமில்லாமல் எண்ணினேன். பத்தும் இருந்தது. அழுதுவிட்டேன்.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே? அது போதும்மா. வா, வீட்டுக்குப் போலாம்.”

அவள் அசையவில்லை. நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

“எனக்கு முன்னாடி அந்த மெஷின்ல ஒரு அக்கா இருந்தாங்கப்பா,” என்றாள். “போன வாரம் மூணு விரல் போயிடுச்சு. அதனாலதான் எனக்கு இடம் கிடைச்சுது.”

பங்காளி தரையைப் பார்த்தான்.

“மிதியில கால் வச்சுக்கிட்டே கையை விட்டேன், தப்பு என்னோடதுதான்னு எழுதி அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. இடது கையால போட்டாங்க. அவங்களும் தன்மேலதான் தப்புன்னு நம்பறாங்க. நான் பார்க்கப் போனப்ப, நீயாவது காலைப் பார்த்து வைம்மான்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க.”

மகள் கைத்துணியை மடித்து மேஜையில் வைத்தாள்.

“அவங்க வீடு பக்கத்துலதான்,” என்றாள். “வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

காலையிலிருந்து நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.