ஸுல்பிகா வீட்டுத் தரை வெளியூர் போன விபரம்

1980ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், கல்முனைக்குடியில் மில்காரர் ஷரிபுதீன் ஹாஜியார் தன் மூத்த மகள் ஸுல்பிகாவுக்குக் கட்டிய புதுவீட்டின் மரத்தரை தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு எழும்பி, மண்டபத்தின் வடக்கு மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றது. மொத்தம் நாலாயிரத்து இருநூறு துண்டுப் பலகை. ஒன்றுகூட உதிரவில்லை. அது கிடந்த இடத்தில் கடல்மணல் தெரிந்தது. அன்று சந்தையில் கீரிமீன் மலிவு என்பதால் ஊரில் பாதிப்பேர் சந்தையில் நின்றார்கள். பார்க்க வந்த கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

இந்தக் கிழக்குக் கரையில் பெண் கல்யாணம் முடித்துப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். வருவதற்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். ஆகையால் ஒரு வீட்டில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா தொட்டிலுக்கு முந்திச் செங்கல்லுக்குத்தான் சொல்லிவைப்பார். ஸுல்பிகாவுக்குப் பேசிய மாப்பிள்ளை சாய்ந்தமருது ஹவ்வா உம்மாவின் மகன் ஸலாஹுதீன். பேச்சு முடிந்த கையோடு அவன் குவைத்துக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். ஒன்றரை வருடம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதமும் ஒரு படமும் வந்தன. படத்தில் மின்னுகிற மரத்துண்டுகளால் ஆன ஒரு தரை இருந்தது. தரைமேல் சப்பாத்து இல்லாமல் காலுறை போட்ட இரண்டு கால்கள் நின்றன. முழங்காலுக்கு மேலே படம் முடிந்துவிட்டது.

ஹவ்வா உம்மா அந்தப் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கல்முனைக்குடிக்கு வந்தார்.

"என்ட மகன் இப்ப இதுலதான் நடக்கிறான், ஹாஜியார். சீமெந்துத் தரை அவன்ட காலுக்குச் சரிவராது. வீடு தாறெண்டா இந்தத் தரையோட தாங்க."

ஷரிபுதீன் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, பிஸ்கட்டா அடுக்கியிரிக்கி?"

"பலகை. பலகையத்தான் அப்படி வெட்டிப் போட்டிரிக்கி."

படம் பஸாருக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தது. தேத்தண்ணிக் கடையில் அதைப் பார்த்த ஒருவர், "மாப்பிள்ளையில பாதியத்தான் அனுப்பியிரிக்காங்க, மிச்சம் வீடு முடிஞ்சாப் போல வரும்" என்றார். கடைசியில் படம் ஸுல்பிகாவின் கைக்கு வந்தது. அவள் மாப்பிள்ளையை அதற்கு முன் பார்த்ததில்லை. இடது காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அவளுக்கு அந்தக் கிழிசல் பிடித்துப்போயிற்று. வயது இருபத்துநாலு, கூடப் படித்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில் மாப்பிள்ளையோடு இருந்தார்கள். அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தினமும் பின்னேரம் அஸர் தொடக்கம் இருட்டி மஃரிப் வரை தரை இல்லாத தன் வீட்டுக்குள் மணலில் நடந்தபடியே இருந்தாள். அறைக்கு அறை போனாள், வந்தாள். ஒரு கிழமைக்கு ஒரு சோடிச் செருப்புத் தேய்ந்தது.

மரத்துக்குக் குறைவில்லை. எழுபத்தெட்டு நவம்பர்ச் சூறாவளி எல்லாருடைய மரத்தையும் படுக்கப் போட்டிருந்தது. எது வேண்டும் என்பதுதான் கேள்வி. பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து தச்சுவேலைக்குத் தம்பையா ஓடாவியார் வந்து, விழுந்து கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். தேக்கு நல்ல மரம், எல்லாரோடும் ஒத்துப்போகும் என்றார். வேம்பு வேண்டாம், நாளைக்கு மாப்பிள்ளை முகம் கசந்தால் பழி ஓடாவிக்கு வரும் என்றார். ஷரிபுதீன் படத்தை நீட்டினார். படத்தில் ஒரு துண்டு கறுப்பாகவும் ஒரு துண்டு வெள்ளையாகவும் இருந்தது. ஆகவே கறுப்புக்குக் கருங்காலியும் வெள்ளைக்கு முதிரையும் என்று முடிவாயிற்று. அது கறுப்பு வெள்ளைப் படம் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம் என்று தம்பையா ஓடாவியார் எட்டு மாதம் வெட்டினார், சீவினார். பிறகு பரப்பத் தொடங்கினார். ஐந்து தரம் பரப்பினார். ஐந்து தரமும் கடைசிச் சுவருக்கு வந்தபோது மூன்று விரல் இடம் மிஞ்சியது, அல்லது மூன்று விரல் பலகை மிஞ்சியது. சிலநேரம் இரண்டும் மிஞ்சியது.

"வெட்டுறது என்ட தொழில், ஹாஜியார். இந்தக் கோலத்த மடக்கி மடக்கிக் கொண்டுபோறது என்ட தொழில் இல்ல" என்று ஓடாவியார் உளியைக் கீழே வைத்தார்.

அறைக்கு அறை நடந்துகொண்டிருந்த ஸுல்பிகாதான் நின்று சொன்னாள். "வாப்பா, இது பாய். பன்பாய் இழைக்கிற ஆளக் கூட்டி வாங்க."

பாலமுனையிலிருந்து றாஹிலாத்தா வந்தார். தாரும் வேண்டாம், ஆணியும் வேண்டாம், சீமெந்தை எங்கள் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, பாய் மணலில்தான் படியும் என்றார். ஒரு மூலையில் குந்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, கறுப்பை ஏற்றி வெள்ளையை இறக்கி, வெள்ளையை ஏற்றிக் கறுப்பை இறக்கி மூன்று நாளில் நாலு சுவருக்கும் முடித்து, ஓரத்தையும் மடித்துக் கட்டினார். தம்பையா ஓடாவியார் ஒரு தலைமயிரை எடுத்து இடுக்குகளில் விட்டுப் பார்த்தார். போகவில்லை. படத்திலிருந்த தரையைவிட இது திறம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் விடியத்தான் அது சுருண்டது.

ஆள் அனுப்பி றாஹிலாத்தாவைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கோபம் வந்தது.

"பாய் எண்டா விடிஞ்சா சுருளத்தான் செய்யும். விடிஞ்சும் விரிஞ்சு கிடக்கிற பாய் சோம்பேறிட பாய். நான் அப்படி ஒண்டு இழைச்சதா யாராவது செல்லட்டும் பாப்பம்!"

அதன் பிறகு பல முயற்சிகள் நடந்தன. நெல்மூட்டை வைத்தார்கள். மறுநாள் மூட்டைகள் மணலில் இருந்தன, தரை மூலையில் நின்றது. நாலு அங்குல ஆணி அடித்தார்கள். காலையில் ஆணிகள் ஒன்றுகூட வளையாமல் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. ஹாஜியாரின் மச்சான் அப்துல் ஹமீட், உடம்பு பெருத்த மனிதர், தான் படுத்தால் அது அசையாது என்று பந்தயம் கட்டிப் படுத்தார். அவரையும் வைத்துச் சுருட்டிக்கொண்டது. மத்தியானம் லுஹருக்குப் பிறகு உருட்டி எடுத்தபோது சுகமாக இருந்தார், இப்படி நித்திரை கொண்டு பல வருடம் என்றார். எப்படியும் பின்னேரமானால் தானாக விரிந்துவிடும் என்பதால் ஷரிபுதீன் மனதைத் தேற்றிக்கொண்டார். மாப்பிள்ளையை இருட்டுகிற நேரமாகப் பார்த்து வீட்டுக்கு அழைத்து எடுத்தால் சரி.

ஆனால் பாய்க்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே ஆட்கள் கூடுகிறார்களோ அங்கே அதை இரவல் கேட்பார்கள். ஏப்ரலில் எதிர்வளவில் ஒருவர் இறந்து மௌத்து வீடாயிற்று. அன்று காலை சுருண்ட தரை மூலைக்குப் போகாமல் வாசலைத் தாண்டி, ஒழுங்கையைக் கடந்து, மையத்து வீட்டு முற்றத்தில் விரிந்தது. மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. அடுத்த மாதம் அக்கரைப்பற்றில் ஒரு சுன்னத்துக் கல்யாணத்துக்குப் போனது. பஸ் கூரையில்தான் போயிற்று, இரண்டு பலாப்பழத்துக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில். காரைதீவில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு என்றாலும் போனது. கேட்டவர்கள் யார் என்று பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மேலே கச்சான்கடலைக் கோதும் வெற்றிலைக் காம்பும் கிடக்கும். ஸுல்பிகா கூட்டித் துடைப்பாள். துடைத்து முடிய மறுபடியும் போய்விடும்.

1981இல் ஸலாஹுதீன் நாற்பது நாள் லீவில் வந்தான். நிகாஹ் முப்பத்தைந்தாம் நாள் என்று வைத்தார்கள். இருபத்தொன்பதாம் நாள் தம்பையா ஓடாவியார் காரைதீவில் ஒரு கூரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஓடாவியாரின் வேலை இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு. பார்க்க வந்த ஆட்களுக்கு இருக்க இடம் போதவில்லை. தரை போயிற்று.

முப்பத்துநாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஹவ்வா உம்மா வீடு பார்க்க வந்தார். மண்டபத்தில் மணல் கிடந்தது.

"தரை எங்க?"

"காரைதீவுக்குப் போயிரிக்கி" என்றார் ஷரிபுதீன்.

"தரை போகுமா, ஹாஜியார்? மனிசன்தான் போற. என்ன ஏமாத்தப் பாக்கிறயளா? நாளைக்குள்ள தரை இல்லாட்டி மாப்பிள்ளையும் இல்ல. அவன் பிளேனேறிப் போயிருவான்."

ஷரிபுதீன் மில்லின் உழவு மெசினைக் கொண்டு காரைதீவுக்கு ஓடினார். ஓடாவியார் காலில் பத்துப் போட்டுத் தரையின் ஒரு கரையில் படுத்திருந்தார். மிச்சத்தில் அறுபது எழுபது பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். நண்பகல், வெயில் கொளுத்துகிறது, தரை சுருளாமல் கிடக்கிறது. "நானும் சொல்லிப் பாத்திட்டன், ஹாஜியார்" என்றார் ஓடாவியார். "நான் வெட்டின பலகைதான், ஆனா என்ட சொல் கேக்குதில்ல."

பாலமுனைக்குப் போய்க் கேட்டால், "சபை கலையாமப் பாய் சுருளாது" என்றார் றாஹிலாத்தா.

"என்ட மச்சான் படுத்தாப்போல சுருண்டதே?"

"ஒத்த மனிசன் சபையா?"

சபை கலைகிற மாதிரி இல்லை. ஒருவர் எழும்பினால் மூவர் வந்து இருந்தார்கள். பின்னேரம் வாப்பா கைவீசி வருவதைப் பார்த்த ஸுல்பிகா முதற்தடவையாக நடக்காமல் நின்றாள். பிறகு நடந்தாள், ஆனால் அறைக்கு அறை அல்ல. தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"எங்க போறாய் மகள்?"

"வீடு என்ட பேருல. தரை வீட்டுட. தரை எங்க கிடக்கோ அங்கதான் என்ட வீடு. மாப்பிள்ளைய அங்க எடுங்க."

பள்ளியை நடத்துகிற மரைக்காயர்மார் கூடி இதைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். கூரை நகர்ந்தால் வீடு நகருமா, கிணறு நகர்ந்தால் என்ன என்றெல்லாம் போய், கடைசியில் பெண்ணின் சொல்லில் பிழை காணவில்லை என்று எழும்பினார்கள். ஹவ்வா உம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காத ஸலாஹுதீன் திறந்தான்.

"உம்மா, நான் தரை கேக்கல்ல. அதத் துடைக்கிறதுதான் எனக்கு வேலையெண்டு எழுதினன்."

"தெரியும். வாசிக்கக் கேட்டன்தானே" என்றார் ஹவ்வா உம்மா. "மூணு வருசத்துக்கு மேல முழங்கால்ல நிண்டு துடைக்கிறாய். ஒரு நாளைக்கு நீ அதுல கால நீட்டிப் படுக்க வேணாமா? அதுக்குத்தான் கேட்டன்."

சொல்லிவிட்டு, நாளைக்கு அவன் போடுகிற சட்டையை எடுத்து மடித்து வைத்தார். நிகாஹ் மறுநாள் காரைதீவில், தம்பையா ஓடாவியாரின் முற்றத்தில் நடந்தது. ஓடாவியாரைப் பார்க்க வந்தவர்களும் மாப்பிள்ளையோடு வந்தவர்களும் ஒன்றாக இருந்தார்கள், தரை எல்லாருக்கும் காணுமாக இருந்தது. மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் குந்தி, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் இடத்தை ஒருமுறை துடைத்தான். குசினிக் கதவடியில் ஓடாவியாரின் பெண்சாதி பாலம்மாவோடு நின்ற ஸுல்பிகா அதைப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலேயும் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

"பாத்தது காணும் புள்ள, கதவு தேயப்போகுது" என்றாள் பாலம்மா.

ஐந்து நாள் கல்முனைக்குடி வீட்டில் மணலில் குடித்தனம் நடந்தது. நாற்பதாம் நாள் ஸலாஹுதீன் கட்டுநாயக்கவுக்குப் போனான். நாற்பத்தோராம் நாள் தரை வந்தது.

எண்பத்துமூன்றில் அடுத்த லீவு. அந்த நாற்பது நாளில் தரையும் மாப்பிள்ளையும் ஒன்றாக வீட்டில் இருந்தது பதினொரு நாள். முதல் நாள் இரவு சாப்பிட்டுவிட்டு அவன் வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்தான். சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டுத் திரும்பவும் படுத்தான். விடிந்தது, வெயில் ஏறியது, தரை சுருளவில்லை. ஒற்றை மனிதன்தான். ஏன் என்று றாஹிலாத்தாவிடம் கேட்டதற்கு, தான் இழைத்ததோடு சரி, மிச்சம் தனக்குத் தெரியாது என்றார். பத்து மணிக்கு ஹவ்வா உம்மா வந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். மகன் வாய் திறந்து நித்திரை. ஸுல்பிகா தேத்தண்ணியோடு வருவதற்குள் அவர் சத்தம் போடாமல் சாய்ந்தமருதுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் வந்து காரைதீவுப் பக்கம் பாதை மூடியது. இந்தப் பக்கமும் வீடு எரிந்தது, அந்தப் பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பக்கமும் ஆட்கள் கூடி அழ இடம் வேண்டியிருந்தது. அந்த நாட்களில் எல்லையை மனிதர் யாரும் தாண்டவில்லை. தரை தாண்டியது. காவலுக்கு நின்ற பொடியன்கள் இரண்டு பக்கமும் அதை மறித்து, விரித்துச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, திருப்பிச் சுருட்டி அனுப்பினார்கள். சுருட்டத் தெரியாமல் ஒருவன் கோணலாகச் சுருட்டியதால் ஒருதடவை வர இரண்டு நாள் பிந்தியது. ஒரு கரை கருகி வந்தது. ஸுல்பிகா தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள்.

எண்பத்தேழில் கிராம சேவகர் ஒரு படிவத்தோடு வந்தார். இந்தப் பகுதிக்குப் புதியவர். மண்டபத்தில் மணல்மேல் ஒரு கதிரை போட்டு இருந்து எழுதினார். குடும்பத் தலைவர்: ஸுல்பிகா. கூரை: ஓடு. சுவர்: கல்.

"தரை?"

"மரம்."

அவர் காலடியைப் பார்த்தார். "எங்க?"

"அக்கரைப்பற்றில ஒரு கல்யாணம். போயிரிக்கி."

"வீட்டுக்காரர்?"

"குவைத்தில."

"எப்ப வருவாங்க?"

"தரை பின்னேரம் வந்திரும். அவர் பெருநாளைக்கு எண்டு எழுதியிரிக்கார்."

படிவத்தில், தற்காலிகமாக வெளியே இருப்போர் என்று ஒரு பகுதி இருந்தது. அவர் அதில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். தலைவருக்கு உறவுமுறை என்ற இடத்தில் முதலாவதற்குக் கணவர் என்று எழுதி, இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்து, தரை என்று எழுதினார். அதற்குள் அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. வாசலில் பலகை உரசுகிற சத்தம் கேட்டது. ஸுல்பிகா கதவை அகலத் திறந்துவிட்டாள். கிராம சேவகர் எழும்பிக் கதிரையைக் கையில் தூக்கிக்கொண்டு, விரியும்வரைக்கும் சுவரோரமாக நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து, கதிரையைத் தரைமேல் போட்டு இருந்து, அடுத்த கேள்வியைக் கேட்டார். அது மலசலகூடத்தைப் பற்றியது.