காரணம் என்றொரு கட்டம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான்.

எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள். போன வருடம் ஒரு நிறுவனம் எல்லா வீட்டுக்கும் இலவசமாக இணைய இணைப்பு தருவதாக வந்தது. சங்கம் கையெழுத்துப் போட்டது. பழைய ஒயர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்தார்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, இருநூறு தளங்கள் மட்டும்தான் திறக்கும். வேறு ஏதாவது வேண்டுமென்றால் சங்கத்தில் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சீட்டில் மூன்று கட்டங்கள்: வீட்டு எண், தளத்தின் முகவரி, காரணம்.

நான் வழக்கமாகப் படிக்கும் சிறு பத்திரிகையின் தளம் திறக்கவில்லை. காரணக் கட்டத்தில் ‘மகளின் படிப்புக்காக’ என்று எழுதினேன். எனக்கு மகள் கிடையாது. மறுநாளே தளம் திறந்தது. படிக்கத்தான் மனம் வரவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “சங்க அறையின் சன்னலோரம் உட்கார்ந்து டைப்பிஸ்ட் அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிரு

இல்லை. அன்று மழை பெய்யவில்லை. சன்னலோரம் யாரும் உட்காரவும் முடியாது, தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். மறுபடி ஆரம்பிக்கிறேன்.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு நீதிமன்றத்தில் வேலை. இருபத்தாறு வருடமாகப் பிறர் சொல்வதை அடித்துக் கொடுப்பவர். எழுத்துவேலை தெரிந்தவர் என்பதாலேயே சங்கத்தின் துணைச் செயலாளர் பதவியை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். சீட்டுகளைப் படித்து, சரியென்று பட்டால் முத்திரை குத்தி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை.

முதல் சீட்டு அவர் வீட்டிலிருந்தே வந்தது. வீட்டுக்காரருக்குச் சதுரங்கத் தளம் வேண்டுமாம். காரணம்: மூளைக்கு நல்லது. அக்கா சிரித்துக்கொண்டே குத்தினார்.

(இந்த இடத்தில் ஒன்றை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். அக்காவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. படிக்கட்டில் கண்டும் காணாமல் போனவர்களெல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். லிஃப்டில் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். அவரை வெறும் நல்லவராக எழுதினால் என் கணக்கில் இரண்டாவது பொய்யும் சேர்ந்துவிடும்.)

3

நான்காவது மாடியில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். ஒரு மாலை அவள் சீட்டோடு வந்தாள். காரணக் கட்டம் காலியாக இருந்தது.

“காரணம் எழுதலையேம்மா” என்றார் அக்கா.

“எழுதணுமாக்கா?”

“எழுதினாத்தான் அனுப்ப முடியும்.”

அவள் சீட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. கையை நீட்டிச் சீட்டைத் திரும்ப வாங்கி, நாலாக மடித்து, அளவெடுக்கும் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

எந்தத் தளம் அது? இந்தப் பகுதியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். “அவளுக்கு வந்திருந்த நோயைப் பற்” என்று ஒன்று. “பிரிந்து போக நினைக்கும் மனைவிகளுக்கு” என்று ஒன்று. மூன்றாவது, “வெறும் பூவேலை டிசைன்கள்தா”.

உங்களுக்கும் தெரிந்தாக வேண்டும், இல்லையா? பரிதாபமான காரணமாக இருந்தால் அவள் பக்கம் நிற்கலாம். அற்பமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்தக் கட்டமும் இதைத்தான் கேட்டது. எழுதுகிறவன் நான், நினைத்தால் அவள் வாயைப் பிடுங்கிவிடலாம். செய்யப்போவதில்லை. அந்த முகவரியைப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான். அவரிடம் கேட்டேன். அதைச் சொல்லிவிட்டால், பிற்பாடு தான் வீடு வீடாக அலைந்ததற்கு அர்த்தமே இல்லை என்றார்.

4

மறுநாள் அக்காவுக்கு முத்திரைக்குக் கை போகவில்லை. பழைய சீட்டுகளை எடுத்து வைத்துக் காரணங்களை மட்டும் படித்தார். படிப்பு. படிப்பு. அலுவலக வேலை. படிப்பு. வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீட்டிலிருந்தும் படிப்பு. அறுபது வீட்டுக்காரர்களைத் தினம் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறோம், பொய் வராத ஒருத்தி மட்டும் வெறுங்கையோடு படியேறிப் போயிருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் ஆட்டத்திலிருந்து தலை நிமிராமல், சும்மா கிடைப்பதில் நொட்டை சொல்லலாமா, நமக்கெதற்கு வம்பு என்றார். அக்கா சதுரங்கத் தளத்தை எடுத்துவிடும்படி நிறுவனத்துக்கு எழுதினார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் ஆடிப்போய் வந்து நின்றார். “என்ன ஏதுன்னு சொல்லாம எடுத்துட்டாங்க. அநியாயமா இருக்கு.”

“இருக்கில்ல?” என்றார் அக்கா.

அவரே அடுத்த வாரம், யார் யார் ஆதரவு என்று குறித்துக்கொள்ள வீட்டு எண்கள் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் மாடி மாடியாக ஏறினார்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். (அவரை வில்லனாக்கிவிடலாம், கதைக்கு வசதி. ஆனால் அவர் நல்ல மனிதர்.) எல்லாத் தளமும் திறக்க வேண்டும், இல்லையேல் ஒப்பந்தத்தை முறிக்க வேண்டும் என்று அக்கா கடிதம் அடித்துக் கொடுத்ததும், விதிப்படி கூட்டம் போட்டார். முறிப்பதற்கு நாற்பது வீடுகளின் சம்மதம் தேவை. பதினேழு கைகள்தான் உயர்ந்தன.

“உங்களுக்கு எந்த சைட் வேணும்னு சொல்லுங்க மேடம். நாளைக்கே திறக்கச் சொல்றேன்” என்றார் டாக்டர், உண்மையான அக்கறையோடு.

“எனக்கு எதுவும் வேணாம் டாக்டர். கேட்டு வாங்கற நிலைமைதான் வேணாம்.”

5

மூன்று வாரம் அக்கா வாசல் வாசலாக நின்றார். பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார் ஒருவர். உங்கள் பிள்ளைக்கு உங்கள் வீட்டில் பூட்டுப் போடுங்கள், அறுபது வீட்டுக்கும் ஒரே பூட்டு எதற்கு என்று கேட்டார் அக்கா. இருநூறு தளமே எங்களுக்கு அதிகம் என்றது இன்னொரு வீடு. நாளை உங்கள் மகள் சொந்தமாக ஒரு தளம் தொடங்கினால் அது யாருடைய பட்டியலில் இருக்கும் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றார். அந்த வீடு இரண்டாம் நாள் சம்மதித்தது.

என் வாசலுக்கும் வந்தார். மகள் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். “உங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னு அப்பவே தெரியும் தம்பி” என்றார். அன்றிலிருந்து அட்டையை நான் தூக்கினேன். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி.

நான்காவது மாடிக்கு மட்டும் அக்கா தனியாகப் போனார். அன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொன்னாராம். தையல்காரப் பெண் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். “அங்க எதுக்குன்னு யாரும் கேக்கறதில்லக்கா.” கூட்டத்துக்கு வருவாளா என்று அக்கா கேட்கவில்லை. அவளாகவே வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

6

இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் நாற்பத்தொரு கைகள், கைதட்டல், டாக்டர் அக்காவோடு கை குலுக்கு

இன்னொன்றில் நிறுவனமே பயந்துபோய்ப் பட்டியலை நீக்கிவி

இரண்டும் நடக்கவில்லை. முப்பத்தெட்டுக் கைகள். அதில் ஒன்று என்னுடையது, ஒன்று கடைசி வரிசையில் இருந்தது. அக்கா இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடுத்த கூட்டத்துக்கான அறிவிப்பு. முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறார்.

“எத்தனை தடவை கூட்டம் போடுவீங்க மேடம்?” என்றார் டாக்டர்.

“நாற்பது வர்ற வரைக்கும்.”

மூன்றாவது கூட்டம் இன்னும் நடக்கவில்லை. கை தூக்காத இருபத்திரண்டு பேரும் எனக்குத் தெரிந்தவர்கள்தான். கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஒருவர் பாதி தூக்கிய கையை, பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு, தலையைக் கோதுவதுபோல் இறக்கிக்கொண்டார். அவர் கையைக் கதையில் நான் தூக்கிவிட முடியும். ஒரு வரி போதும். ஆனால் அது என் கை இல்லை.

அவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கூட்டம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அக்கா முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்.