கடாத்தலை

சனிக்கிழமை முழுக்க மழைக்குள்ளை நடந்து சூசைதாசனுக்கு உடம்பு அடிச்சுப் போட்டமாதிரிக் கிடந்தது. ஹொல்ஸ்டெப்ரோ எண்ட டெனிஷ் ஊருக்கு வெளியிலை எயிலர் கிழவன்ரை பன்றிப் பண்ணையிலைதான் அவனுக்கு வேலை. வேட்டை நாளெண்டால் பன்றி வேலையை விட்டிட்டு, கம்பாலை மரங்களிலை தட்டித் தட்டிக் காட்டுச் செம்மறியைக் கிழவன்ரை துவக்குக்கு முன்னாலை கலைச்சுவிட வேணும். எங்கையோ தெற்கிலையிருந்து கொண்டுவந்து விட்ட சாதியாம். கொம்பு சுருண்டு கன்னத்திலை வந்து முட்டும். மூண்டு வருசமாய்க் கிழவனுக்குப் போக்குக் காட்டின கடா அண்டைக்குத்தான் விழுந்தது.

"தலையைக் கொண்டுபோய் அவி. நாளைக்கு வந்து எடுக்கிறன். உன்ரை கடிதத்தையும் கையோடை கொண்டுவாறன்," எண்டான் கிழவன்.

கடிதம்! நிரந்தர வேலை எண்டு முதலாளி எழுதித் தந்தால், மன்னாரிலை நிக்கிற மனிசி எமிலியாவைக் கூப்பிடலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லியிருந்தினம். ரண்டு வருசமாய் அவன் இழுத்துப் பறிச்சு நடந்தது அந்த ஒரு தாளுக்குத்தான்.

ஞாயிறு விடிய எழும்பவே மனமில்லை. எண்டாலும் முதலாளி வாயைத் திறந்து தலைக்கறி கேட்டால் மாட்டனெண்டு சொல்லேலுமே? மயிரைப் பொசுக்கி, கொம்பை வாளாலை அறுத்து, விறகுக் கோடாலியாலை மண்டையை ரண்டாய்ப் பிளந்தான். எமிலியா அனுப்பின கறித்தூளிலை மிச்சமிருந்ததை வழிச்சுப் போட்டான். காட்டுக் கடாவின்ரை மொச்சை நாத்தம் அப்பவும் போகேல்லை. நாசமாய்ப் போன ஆடு!

மத்தியானம் கிழவன் வந்தான். சட்டைப் பையிலை கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"தலை எங்கை?"

சூசைதாசன் பெருமையாய்ச் சட்டியைத் திறந்து காட்டினான். "மூளை, நாக்கு எல்லாம் உங்களுக்குத்தான் எடுத்து வைச்சனான்."

கிழவன் சட்டியைப் பாத்தான். வாசலிலை கிடந்த கொம்புகளைப் பாத்தான். முகம் வெளிறிப்போச்சு.

"சுவரிலை கொழுவக் கேட்டனான். சதையைக் கழட்டி, வெள்ளை எலும்பாய், கொம்போடை."

அட கடவுளே! எலும்பைச் சுவரிலை கொழுவுவாங்கள் எண்டு ஆர் கண்டது? கிழவன் கொம்பு ரண்டையும் கக்கத்துக்குள்ளை இடுக்கிக்கொண்டு வெளிக்கிட்டான். கடிதமும் பையோடையே போச்சு.

இருந்த இடத்திலை படுத்து அழவேணும் போலை இருந்தது. படுக்கேல்லை. சட்டியைத் துணியாலை சுத்திக்கொண்டு ஒரு மைல் தூரம் மழைக்குள்ளை இழுபட்டுப் போய்க் கிழவன்ரை கதவைத் தட்டினான்.

"எங்கடை ஊரிலை தலை பெரிய ஆளுக்குத்தான் குடுக்கிறது," எண்டான். டெனிஷிலை அவ்வளவுதான் வந்தது. "நீங்கள் சாப்பிடக் கேட்டதெண்டு நினைச்சுப்போட்டன்."

கிழவன் ஒரு கரண்டி எடுத்து வாயிலை வைச்சான். கண்ணாலை தண்ணி ஓடிச்சுது.

"இதை மனுசர் சாப்பிடேலாது," எண்டு உள்ளை போனவன் பேனையும் அந்தக் கடிதமுமாய் வந்து, கதவு நிலையிலை தாளை வைச்சுக் கையெழுத்துப் போட்டான். "அடுத்த வருசக் கடாவின்ரை தலையிலை நீ கை வைக்கக்கூடாது."

அடுத்த வருசம்.

சூசைதாசன் தாளை நனையாமல் சட்டைக்குள்ளை வைச்சான். கிழவன்ரை வாசற்படியிலேயே குந்திக்கொண்டு, "எமிலியா, வாடி," எண்டு வாய்விட்டு அழுதான்.