ஜன்னலுக்கு எதிரே ஆறு பெட்டிகள்

ஏசி மெக்கானிக்கைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அவருடைய சபையே ஆலயத்துக்கு ஆறு ஏசி போட முடிவு செய்து வேலையை அவரிடம் கொடுத்தபோது, பாடகர் குழுவில் இருந்த மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வெளிப்பெட்டிகள் மாட்ட இடம் குறிக்கச் சாக்பீஸோடு பின்சுவருக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. இரண்டு கையையும் விரித்தால் தொட்டுவிடும் அகலத்தில் ஒரு சந்து. எதிரே வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். நான்காவது பெட்டிக்குக் கோடு போடும்போது எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, படம் வரையறீங்களா?"

தோளில் கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண். ஈரத்துணியால் அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏசி மாட்டப் போறோம்மா. குளிர்ச்சி உள்ள, பெட்டி வெளிய."

"அப்போ சூடு?"

தூக்கத்தில் கேட்டாலும் அவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஆனால் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சூடு நேராக அவள் ஜன்னலுக்குத்தான் போகும்.

தண்ணீர் குடிக்க உள்ளே கூப்பிட்டாள். மணி பத்துகூட ஆகவில்லை. அறை அடுப்பு மாதிரி இருந்தது. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"வருஷத்துக்கு வருஷம் ஏறிட்டேதாண்ணே போகுது. இந்த மாசம் பிள்ள பகல்ல கண்ணையே மூடல."

வெளியே வந்தவர், போட்ட கோடுகளை உள்ளங்கையால் அழித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா? வந்த வேலைய யாராவது வேண்டாம்பாங்களா?" என்று மனைவி பொரிந்து தள்ளினாள். அவர் குழந்தையைப் பற்றிச் சொன்னார். அவள் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் கோட்ட ஒழுங்கா அழிச்சீங்களா?" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம். அவர் எழுந்து, ஏசி வேண்டாம் என்றார்.

"பேக்கரிக்காரரே கேக் சாப்பிடாதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கே!" என்றார் சபையின் மூப்பர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூப்பரின் குரல் மாறியது. "போன வாரம் என் மனைவி இங்கதான் மயங்கி விழுந்தாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"மேல இருக்கற ஜன்னல்லாம் ஆணி அடிச்சு மூடிக் கிடக்கு, ஐயா. திறந்துவிட்டா சூடு மேல ஏறி வெளிய போயிடும். ஆராதனைய காலைல ஆறு மணிக்கு வெச்சுக்கலாம்."

"ஆறு மணிக்கா!" என்று பாடகர் குழுவின் கட்டைக்குரல்காரர் அலறினார்.

கூலிங் விடவில்லை. "கார் ஓட்டறது நாம, ஏசி போடறது நாம. வெயில் ஏறினதுல அவங்க பங்கு என்ன இருக்கு? ஆனா வேகறது அவங்க. அவங்க ஜன்னல்ல அனல ஊதிட்டு, உள்ள உக்காந்து ஸ்தோத்திரம் சொன்னா ஆண்டவர் கேப்பாரா? அந்தக் கூரைங்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடிப்போம். வெயில் பாதி திரும்பிப் போயிடும்."

மூப்பர், தானே நேரில் பார்க்க வேண்டும் என்றார். நடுப்பகலில் அந்தப் பெண்ணின் அறையில் கோட்டு சூட்டோடு போய் உட்கார்ந்தவர், பதினோரு நிமிடத்தில் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. "எத்தனை டின் வேணும்?" என்றார்.

போதகர் மட்டும் ஒன்று சொன்னார்: "இத தர்மம்னு யாரும் நெனச்சுக்காதீங்க. நாம வெச்ச சூட்டத்தான் நாம கொஞ்சம் குறைக்கறோம்."

அடுத்த சனிக்கிழமை விடியும்போதே முப்பத்தோரு கூரைகளிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். சந்துக்காரர்கள்தான் மேஸ்திரிகள். அந்தப் பெண்ணின் கணவன், சந்தையில் மூட்டை இறக்குபவன், போதகரையே அதட்டிக்கொண்டிருந்தான்: "ஆணி இருக்கற இடமா பாத்து கால் வைங்க ஐயா! நடுவுல வெச்சா நேரா எங்க வீட்டு சட்டிக்குள்ளதான் விழுவீங்க!"

கூலிங்கின் மனைவி ஒரு கூரையில் பாட்டை ஆரம்பித்தாள். அடுத்த கூரை அதைப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்தது சுருதி சேர்த்தது. உயரம் என்றாலே பயப்படும் கட்டைக்குரல்காரர் ஏணியைப் பிடித்தபடி கீழிருந்தே முழங்கினார். சந்துப் பிள்ளைகள் வாளியைத் தட்டித் தாளம் போட்டார்கள். மூப்பர் ஈரப் பெயிண்டில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு முழ நீளத்துக்குக் கூரையில் வெள்ளை பூசினார். அவர் மனைவி கீழே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆலயத்தில் ஆணிகளைப் பிடுங்கி ஜன்னல்களைத் திறந்தபோது இரண்டு புறாக்கள் கோபமாகப் பறந்து போயின. அவை போன வழியே காற்று உள்ளே வந்தது.

நண்பகலுக்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. கண் கூசும் வெள்ளை. கூரைகளில் பாட்டு ஐந்தாம் முறையாக உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அண்ணே! எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க! பிள்ள தூங்கிட்டான்!"

பாட்டு அந்தரத்தில் நின்றது. முப்பத்தோரு கூரைகளிலிருந்தும் ஆட்கள் பூனை மாதிரி இறங்கினார்கள். தகரம் ஒரு முறைகூடச் சத்தம் போடவில்லை. கட்டைக்குரல்காரருக்கு மட்டும் பெரிதாகத் தும்மல் வந்தது. கூலிங்கின் மனைவி ஓடிப்போய், பெயிண்ட் கையோடு அவர் மூக்கைப் பிடித்தாள்.